எங்கள் கேமில் விழுந்த முதல் சாவு

இன்று மதியம் எங்கள் கேமில் ஒரு அக்கா செத்துப்போனார்.

(நிஜத்தில் நலமாக இருக்கிறார். பழனிசெட்டிபட்டியில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி அக்கா.)

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நானும் கம்பத்துக்காரன் சாதிக்கும் சேர்ந்து ஒரு ஆன்லைன் கேம் செய்கிறோம். ஒரே மலைக்காட்டில் பல பேர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு வேடம் எடுத்து விளையாடலாம். வேட்டைக்காரர், வைத்தியர், வியாபாரி, எது வேண்டுமானாலும்.

அதில் சாவை எப்படி வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

சாதிக் கட்சி: செத்தவர் அடுத்த நொடியே எழுந்துவிட வேண்டும். கையில் இருந்த பொருள் அப்படியே இருக்க வேண்டும்.

என் கட்சி: உடல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். செத்தவர் ஊரிலிருந்து மறுபடி நடந்து வந்து தன் பொருளை எடுக்க வேண்டும். அதற்குள் வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். இழக்க ஒன்றுமே இல்லை என்றால், சேர்ந்து விளையாட இத்தனை ஆள் எதற்கு?

"பேச நல்லாத்தான் இருக்கு மாப்ள. நாள் முழுக்கச் சேத்தத எவனாச்சும் அள்ளிட்டுப் போனா, கேமையே போன்லருந்து அழிச்சிட்டுப் போயிருவாக. சரி, உன் இஷ்டப்படியே வையி. இன்னைக்கு ஆளு ஓடிட்டா நான் பெங்களூரு வேலையில சேந்துருவேன்."

சாதிக் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலை ஆர்டர் வந்து ஒரு வாரம் ஆகிறது. கோட் முழுக்க எழுதுவது அவன். அவன் போனால் கேம் அவ்வளவுதான்.

தெரிந்தவர்களை மட்டும் வைத்து இன்றுதான் முதல் டெஸ்ட். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் செல்வி அக்காவைக் காட்டுப்பன்றி முட்டிவிட்டது. ஓடைக்கரையில் கிடக்கிறார்.

முதலில் அந்தப் பக்கம் வந்தது வடுகபட்டி பூண்டு வியாபாரி முருகேசன் அண்ணன். (போச்சு, அள்ளப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.)

அள்ளவில்லை. உடல் பக்கத்தில் நின்றுகொண்டு வாய்ஸ் சாட்டில் ஆள் கூப்பிட்டார்.

"ஏப்பா, செல்வி விழுந்துருச்சு. எல்லாரும் இங்கன வாங்க."

வேட்டையை விட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

"எப்பிடி ஆச்சு?"

"பன்னி முட்டிருச்சாம்."

"இப்பத்தான பேசிக்கிட்டு இருந்துச்சு."

கேதம் கேட்கிறார்கள்!

(எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் துக்கம் விசாரிக்கப் போகாமல் இருக்க முடியாது. கேமுக்குள்ளும் அப்படித்தான் போல.)

வந்தவர்கள் வெறுங்கையோடும் வரவில்லை. ஒருவர் அரிசி வைத்தார், ஒருவர் மூலிகை, ஒருவர் கம்பளி. அக்கா நடந்து வந்து பார்த்தால் இழந்ததைவிட அதிகம் இருக்கிறது.

"யாரு இம்புட்டையும் வச்சாக?"

"எல்லாரும் வச்சதுதான்த்தா. எடுத்துக்க."

நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் முருகேசன் அண்ணனுக்கு வியாபார மூளை வேலை செய்துவிட்டது. தானே போய்ப் பன்றி முன்னால் நின்றார். செத்தார். அரிசி, கம்பளி எல்லாம் சேர்ந்தது. மறுபடியும் போய் நின்றார்.

சாதிக் தலையில் கை வைத்தான். "பாத்தியா மாப்ள ஓட்டைய? இதுக்கு ஒரு தடை எழுதணும்."

"கொஞ்சம் பொறு" என்றேன்.

மூன்றாவது முறை விழுந்தபோது ஒருவரும் வரவில்லை. அண்ணன் கிடந்தபடியே கேட்கிறார்.

"ஏப்பா, ஒருத்தரும் வரலயா?"

செல்வி அக்கா குரல் மட்டும் தூரத்திலிருந்து வந்தது. "எத்தன தடவண்ணே சாவீக? எங்களுக்கு வேல கெடக்கு."

சாதிக் சிரித்த சிரிப்பில் மேஜையில் இருந்த டீ கொட்டிவிட்டது. தடை எதுவும் எழுதவில்லை. டெஸ்ட்டை முடிக்கிறோம் என்று சொன்ன பிறகும் ஒருவரும் வெளியே போகவில்லை.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"பெங்களூருக்கு வரலன்னு மெயில் போட்டுட்டேன்."

"ஏன்டா?"

"அங்கன நான் விழுந்தா எவன் வருவான்?"

ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. வந்து நின்ற எல்லோருக்கும் நன்றி.