‘சுமார்’ என்று சொன்ன பாவத்துக்கு

படம் பார்த்து அபிப்பிராயம் சொல்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், தங்களுக்குப் பிடித்த படத்தை நான் சுமார் என்று சொன்ன அன்று மட்டும் அதை வேலையாக மதித்துச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். தென்காசியில் உட்கார்ந்துகொண்டு ஒரு இணையப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுகிறேன். அதையே யூடியூபிலும் பேசுகிறேன். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குப் போய், இடைவேளையில் எழுந்து வந்துவிடலாமா என்று யோசித்து, கூட வந்தவர் முகத்தைப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்கள் கஷ்டம் தியேட்டரோடு போயிற்று. நான் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை நினைத்தும் பார்க்க வேண்டும்.

சமீபத்தில் ஒரே ஒரு படத்தால் எனக்கு ஏறிய கொதிப்பை மட்டும் இங்கே சொல்கிறேன். படத்தின் பெயர் வேண்டாம். அதுவும் விளம்பரமாகிவிடும்.

பூ அறுவடை

படம் முழுக்கச் சுந்தரபாண்டியபுரத்தில் எடுத்தது. சூரியகாந்தி பூத்திருக்கும் நேரம் பார்த்து வந்து எடுத்தார்கள். கதாநாயகி என்ன செய்கிறாள் தெரியுமா? நெல்லறுக்கிற அரிவாளால், நேற்று மலர்ந்த பூவைத் தண்டோடு அறுத்து, கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஆடிக்கொண்டே போகிறாள். பூ காய்ந்து விதை முற்றிய பிறகுதான் அறுப்பார்கள் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். யாரையும் கேட்கவில்லை. அப்புறம் இந்த ‘ஏலே’. வில்லன் ஏலே என்கிறான், நாயகன் ஏலே என்கிறான், கடைசியில் பெற்ற அப்பாவையே ஏலே என்கிறான். எங்கள் பக்கம் அப்பாவை அப்படிக் கூப்பிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு கிடையாது.

‘பூ நன்றாக நடித்திருக்கிறது, படம் சுமார்’ என்று தலைப்புப் போட்டு எழுதினேன். மறுநாள் சுரண்டை பஸ்ஸில் ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு முறைத்தார். சுந்தரபாண்டியபுரத்து விவசாயி. “நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, பச்சைப் பூவ யாராவது அறுப்பாங்களா? அந்தப் படத்துல காட்டுனது சரியா?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“சரியில்லதான். அதுக்கு என்னம்மா? நம்ம ஊரு வயல ஊரு உலகமே பாக்குது, நீ ஒருத்திதான் குத்தம் சொல்லிக்கிட்டு அலையுத!”

ஒரே ஒரு சொல்

அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து போன். படத்துக்கு விளம்பர வேலை பார்க்கிறவர். குரலில் அப்படி ஒரு தேன். நான் எழுதிய எதையும் மாற்ற வேண்டாமாம்; கதை இல்லை என்று எழுதியது இருக்கட்டுமாம்; நடிப்பைத் திட்டியதும் இருக்கட்டுமாம். தலைப்பில் உள்ள ‘சுமார்’ என்ற சொல்லை மட்டும் எடுக்க வேண்டுமாம். தலைப்பைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள், உள்ளே யார் படிக்கிறார்கள் என்று என்னிடமே கேட்டார். அதை எழுதியவளிடம்! முடியாது என்றேன். கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார்:

“‘தரம்’னு போட்ருங்களேன் மேடம், அதுவும் மூணெழுத்துதான்.”

சுவரில் என் முகம்

‘இந்தப் படத்தை இரண்டாவது முறை பார்க்கச் சொன்னால் குடும்பத்தோடு ஊரைவிட்டே ஓடிவிடுவேன்’ என்று அந்த விமர்சனத்தை முடித்திருந்தேன். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால், சுவரில் படத்தின் புதுப் போஸ்டர். ஓரத்தில் என் புகைப்படம். அதன் கீழே கொட்டை எழுத்தில்: ‘இரண்டாவது முறை... குடும்பத்தோடு...’ – தென்காசி விமர்சகர். நடுவில் இருந்ததெல்லாம் புள்ளியாகிவிட்டது.

அந்த இடத்திலேயே நகத்தால் போஸ்டரைக் கிழிக்கப் பார்த்தேன். பசை இறுகிப்போய், என் மூக்கில் பாதிதான் வந்தது. எதிரே டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி குடும்பத்தோடு அந்தப் படத்துக்குப் போய்வந்த கடுப்பில் இருந்தார். நான் நடந்ததை விளக்க விளக்க, அவர் டீ ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டுச் சொன்னார்:

“நீங்க போட்டாவுக்குச் சிரிச்சிக்கிட்டு நிப்பிய, நாங்க நம்பிப் போயி சாவணும், பொறவு எங்ககிட்டயே வந்து மொறைப்பிய, என்ன?”

பந்தியில்

நாயகனின் ரசிகர்கள் யூடியூபில் எழுதியதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது. ‘பொம்பளைக்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும்’ என்பதுதான் அதில் மரியாதையான வரி. முகம் தெரியாதவர்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் கீழப்பாவூரில் என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி பரிமாறியவன் நாத்தனார் மகன். கோயம்புத்தூரில் இன்ஜினியர், முப்பது வயது, அந்த நாயகனின் ரசிகர் மன்றத்தில் பொறுப்பு வேறு. பாயச வாளியோடு வந்தவன் என் வலதுபக்கத்து இலையில் ஊற்றினான். என்னைத் தாண்டி இடதுபக்கத்து இலையில் ஊற்றினான். மறந்துவிட்டான் என்று நினைத்துக் கூப்பிட்டேன். வாளியோடு திரும்பி வந்தான். வரிசையே சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

“எங்க தலைவர் படத்த சுமார்னு சொன்ன வாய்க்குப் பாயசம் கெடையாது அத்தை.”

யாருடைய அழுகை

இதுவரை சொன்னதெல்லாம் வெறும் எரிச்சல். இதுதான் கோபம்.

செண்பகம் அக்கா சுந்தரபாண்டியபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் இல்லை. படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போனவரை, முகம் நன்றாக இருக்கிறதென்று பிடித்து, மகனைப் பறிகொடுத்த தாயாக நடிக்க வைத்திருக்கிறார்கள். ஒரே காட்சி. மகனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழ வேண்டும். அந்தப் படத்தில் நடிப்பாகத் தெரியாத ஒரே முகம் அதுதான். ஆனால் வாயிலிருந்து வந்த குரல் அவருடையதில்லை. யாரோ ஒரு சென்னைப் பெண், ‘ஏலே ராசா’ என்று ஒப்பாரியை ஒப்பித்திருந்தாள். இதையும் எழுதியிருந்தேன்.

ஒருநாள் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அடுத்த சண்டை என்று தயாரானேன். அவர் சண்டைக்கு வரவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு முதல் நாளே படத்துக்குப் போனாராம். காட்சி வந்ததும் எல்லோரும் கைதட்டினார்களாம். குரல் கேட்டதும் சிரித்தார்களாம். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்கு அழுதத நெனச்சு நெனச்சு அழுதேன் தாயி. அந்த அழுகைய வழிச்சு எறிஞ்சிட்டு, எவளையோ வச்சு ரொப்பியிருக்கானே!”

குற்றாலத்தில் இயக்குநர்

சீசன் ஆரம்பித்து, சாரல் விழுந்துகொண்டிருந்த நாளில், அந்த இயக்குநர் அடுத்த கதை எழுதக் குற்றாலம் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. உள்ளூரில் சினிமா பற்றி எழுதுகிறவர்களைத் தங்கியிருந்த விடுதிக்கு டீ சாப்பிடக் கூப்பிட்டார். என்னையும்தான். எண்ணெய்க் குளியல் முடித்து, தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அருவியின் அழகைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். டீயைத் தொடாமல் எழுந்து நின்று, செண்பகம் அக்காவின் குரலை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குப் பெயர் ஞாபகம் இல்லை. “மடியில் சட்டை வைத்துக்கொண்டு அழுதாரே” என்றேன்.

“ஓ, அவங்களா? அவங்க பேசினது திருநெல்வேலித் தமிழ் மாதிரியே இல்ல மேடம். அதான் சென்னையில ஒருத்தங்கள வெச்சு கரெக்ட் பண்ணிட்டோம்.”

சத்தம் யாருடையது

என் வாழ்நாளில் ஒரு மனுஷனிடம் அவ்வளவு சத்தம் போட்டது அன்றைக்குத்தான். விடுதிக்காரர்கள் வந்து என்னை வெளியே கூட்டிப்போனார்கள். நனைந்துகொண்டே பஸ் ஏறி நேராகச் செண்பகம் அக்கா கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டவர், “நான் இப்ப பேசிக் காட்டட்டுமா?” என்றார். படத்தில் இருந்து ஒரு துண்டும் எடுக்காமல், அவரை அவர் கடையிலேயே உட்கார வைத்து, அந்த அழுகையை அவர் குரலில் பதிவு செய்து யூடியூபில் போட்டேன். அவர் அழவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். கடையில் கிடந்த ஒரு சட்டையை மடியில் வைத்து, அதன் பித்தானைத் தடவிக்கொண்டே, “பொத்தான் அந்துபோச்சுன்னு காலைலதானய்யா சொன்ன, தைச்சி வச்சிருக்கேன், வந்து போட்டுக்கய்யா” என்று மெதுவாகச் சொன்னார்.

அதைப் பார்த்துவிட்டு வேறொரு படத்தின் உதவி இயக்குநர் அவரைத் தேடிப்பிடித்துப் போனில் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பெரிய நடிகர், நல்ல வேஷம் என்று மறுமுனையில் அடுக்கிக்கொண்டே போனார். செண்பகம் அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும். சத்தமும் என்னதுதானா, இல்ல மூஞ்சி மட்டுமா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

சுமாரான படத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லாதவர் இந்த வட்டாரத்தில் யாரும் பாக்கியில்லை. நல்ல படமாக எடுங்கள் என்று படம் எடுக்கிறவர்களிடம் சொல்வதற்குத்தான் இன்னும் ஆள் கிடைத்தபாடில்லை.