அக்காவின் சட்டையோடு பியர்பொன்ட்ஸிலிருந்து பீ-நஃப் வரை

இது திட்டமிட்ட பயணமல்ல. பெப்ரவரிச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு அக்கா தொலைபேசியில் கத்தியதால் நடந்த பயணம். கனடாவில் பிரெஞ்சு பேசும் எங்கள் நகரின் மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்கே விளையாட்டு அரங்குகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் அக்கா உயரம் பாய்பவள். சின்ன வயதுப் போட்டிகளில் கனடாவுக்காகப் பாய்ந்தாள். அவளுக்கு இலங்கைக் குடியுரிமையும் உண்டு. நாடு மாறிப் பாய்வதென்றால் மூன்று வருடம் எந்த நாட்டுக்காகவும் பாயாமல் இருக்க வேண்டும். இருந்தாள். அன்றுதான் இலங்கைக்காக அவள் பாயும் முதல் நாள்.

"அடியே, என்ட சட்டை பையில இல்ல! எங்க?"

எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் புது உடுப்பு எதுவும் மஞ்சள் தொட்டு, சாமிப் படத்துக்கு முன்னால் வைக்காமல் உடம்பில் ஏறாது. இலங்கை அணிச் சட்டைக்கும் அதே முறைதான். முதல் நாள் பின்னேரம் அம்மா வைத்த சட்டை, திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அழகாக மடித்தபடி இருந்தது.

"சாமிக்கு முன்னால வச்சது ஒரு குத்தமா?" என்று தொலைபேசியில் அக்காவுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"அப்ப சாமியையே பாயச் சொல்லுங்க!"

போட்டி ஒரு மணிக்கு. ஆனால் பன்னிரண்டு இருபதுக்குள் சட்டையோடு பதிவு அறையில் நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அப்பா அக்காவையும் அம்மாவையும் அரங்கில் இறக்கிவிட்டு லொறி ஓட்டத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். வெளியே விடிய விடியப் பனி கொட்டியிருந்தது. நாற்பதாம் நெடுஞ்சாலை அசையவில்லை என்று வானொலி சொன்னது. டாக்சி கேட்டேன், கிடைக்கவில்லை.

கூட்டம் எனக்கு ஒத்துவராது. நான் பள்ளிக்கூடத்தை இடையில் நிறுத்தியதே வகுப்புக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் கதைக்க முடியாமல்தான். இப்போது டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறேன், யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அன்றும் வீட்டிலேயே இருக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வேறு வழியில்லாமல் சட்டையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டேன்.

பியர்பொன்ட்ஸ் ரயில் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். சாதாரண நாளில் கால் மணித்தியாலம், அன்று அரை மணித்தியாலம் ஆனது. டிக்கெட் மூன்று டொலர் எழுபத்தைந்து சதம், அதிலேயே மெட்ரோவுக்கும் மாறலாம். நகருக்குள் மக்கில் நிலையத்தில் இறங்கிப் பச்சைப் பாதையைப் பிடியுங்கள். அரங்கு இருக்கும் பீ-நஃப் வரை ஒன்பது நிறுத்தம். சட்டையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணி பார்த்தேன். பீ-நஃப்பில் மேலே வந்தபோது பன்னிரண்டு பத்து.

பார்வையாளர் வரிசை தெரு முனைவரை நின்றது. வீரர்களின் கதவில் ஒரு வயதான காவலாளி நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டார்: "உயரம் பாய்கிறவர் நீங்களா, மத்மசெல்?"

நான் ஐந்தடி கூட இல்லை. முகம் சூடானது. இல்லையென்று தலையை ஆட்டினேன். அப்படியென்றால் வரிசைக்குப் போ என்று கையைக் காட்டினார். கால் வரிசைப் பக்கம் திரும்பியும் விட்டது. வரிசையின் நீளத்தைப் பார்த்தேன். திரும்பி வந்து சட்டையை வெளியே எடுத்துப் பிடித்தேன்.

"இது என் அக்காவுடையது. இது இல்லாமல் அவளைப் பாய விடமாட்டார்கள். மூன்று வருடம் காத்திருந்தவள். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், நான் இங்கேயே நிற்கிறேன்."

இவ்வளவு பிரெஞ்சு என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. அவர் கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் இருந்த மஞ்சள் பொட்டைப் பார்த்தார். "கறையா?"

"இல்லை. கடவுளுக்கு வைத்தது."

"அம்மாவின் வேலையா?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக் கதவைத் திறந்து, "ஓடு," என்றார்.

பதிவு அறை வாசலில் அக்கா வெறுங்காலோடு நின்றாள். சட்டையைப் பறித்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்திட்டியா புள்ள," என்று மூன்று தரம் சொன்னா.

முதல் உயரத்தில் அக்கா இரண்டு முறை கம்பைத் தட்டினாள். மூன்றாவதும் விழுந்தால் அதோடு முடிந்தது. மூன்றாவது முறை கம்பு ஆடியது, ஆனால் விழவில்லை. மெத்தையில் கிடந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் ஈரச் சப்பாத்துக்குள் கால் குளிர்வது தெரிந்தது. கடைசியில் ஏழாம் இடம். எங்களுக்கு அது போதும்.

போக நினைப்பவர்களுக்கு: பனி நாளில் காரை நம்பாதீர்கள். உள்ளே கோப்பி விலை கூட, வெளியே தெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்குங்கள். மாற்றுக் காலுறை கொண்டுபோங்கள். முக்கியமாக, புறப்படுமுன் சாமி அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

திரும்பும் ரயிலில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் நெருங்கி இருந்தோம். அக்கா என் தோளில் சாய்ந்திருந்தாள். அம்மா கேட்டா:

"அடுத்த போட்டிக்கும் சாமிக்கு முன்னால வைக்கத்தானே வேணும்?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "வையுங்கம்மா. ஆனா நான் சட்டைக்குள்ள இருக்கக்குள்ள, என்னையும் சேத்து வையுங்க."