மச்சினன் நெஞ்சில் ஒரு பெட்டி

டெப்போவில் அவருக்குச் சக்கரம் என்று பெயர். உட்கார்ந்தாலும் கால் ஆடும். பஸ் நின்றாலும் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடும். பக்கவாதம் வந்து வாய் கோணிக் கிடந்தபோதும் "வண்டியை யார் எடுத்தா?" என்றுதான் கேட்டார். குழறலில் அது யாருக்கும் புரியவில்லை.

வாய் நேரானது. கையும் திரும்பியது. பக்கவாத ஆய்வுக்காக ஆள் சேர்த்துக்கொண்டிருந்த பெண் டாக்டர், இதயத் துடிப்பைப் பதியும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை அவர் நெஞ்சில் ஒட்டினார்.

"இதயம் தாறுமாறா துடிச்சா ரத்தம் உள்ளேயே தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனா பக்கவாதம். சிலருக்கு அப்படியே தலைகீழ். மூளை அடிபட்டதாலதான் இதயம் தடுமாறும். உங்களுக்கு எதுன்னு பார்க்கணும். ஒரு வாரம் கழட்டாதீங்க."

அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: துடிப்பு தவறினால் பஸ் கிடையாது. டெப்போவில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். நடந்ததால் நெஞ்சு படபடத்தது. படபடத்ததால் மேலும் நடந்தார்.

மறுநாள், சோபா தைக்கும் மச்சினனின் பட்டறையில் போய் நின்றார்.

"மாப்ளே, சட்டையைக் கழட்டு."

"எதுக்கு மாமா? எனக்கும் உறை தைக்கப் போறீங்களா?"

"ஒரு வாரம் இந்தப் பெட்டியை நீ போட்டுக்க. கல்லு மாதிரி இருக்கே, உனக்கென்ன!"

"அக்காவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேர் துடிப்பும் நின்னுடும்" என்றான் மச்சினன். சொல்லிக்கொண்டே ஒட்டிக்கொண்டான்.

வாரம் முடிந்து பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். தன் பயத்தை இன்னொருவன் உடம்பில் ஒட்டிவிட்டால் அது தொலைந்துவிடும் என்று நம்பினார். தூக்கம் மட்டும் வரவில்லை.

டாக்டர் போன் செய்தார். "உங்க பதிவுல துடிப்பு பல இடத்துல தாறுமாறா இருக்கு. உடனே வாங்க. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை தொடங்கணும்."

பெட்டிதான் ரிப்பேர் என்று முதலில் பெட்டியைத் திட்டினார். பிறகுதான் உறைத்தது, அது மச்சினனின் நெஞ்சு. வாயை மூடிக்கொண்டு மாத்திரையைத் தானே விழுங்கலாம். பஸ் எப்படியும் போய்விட்டது, மானமாவது மிஞ்சும். ஆனால் கட்டி அவனுக்குள் அல்லவா கிளம்பும்!

"யாரு போன்ல?" என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள் பட்டறைக்கு ஓடினார்.

"என்ன மாமா, பாஸா?"

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்கு."

"உங்களுக்கு என்ன?"

"எனக்கில்லடா, உனக்கு."

சிரிக்கப் போனவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அப்பப்போ நெஞ்சுல ஏதோ புரளும் மாமா. சாப்பாடு சேரலைன்னு விட்டுட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரு ஆளைக் காப்பாத்திட்டீங்கன்னு பாராட்ட மாட்டேன். அது உங்க உத்தேசமே இல்ல. ஒளிக்காம வந்தீங்களே, அது வரைக்கும் சரி."

மச்சினனைப் படுக்கவைத்துச் சோதித்தார்கள். பெட்டி சொன்னது சரிதான்.

"இவருக்கு மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டர். "உங்க இதயம் என்ன பண்ணுதுன்னு இன்னும் யாருக்குமே தெரியாது. திரும்ப ஒட்டலாமா?"

"பஸ்ஸைப் பிடுங்கிடுவாங்களா?"

"அதை என்னால சொல்ல முடியாது."

அவர் சட்டையில் கை வைத்தார். பொத்தான் விரலுக்கு அகப்படவே இல்லை. படுக்கையிலிருந்து மச்சினன் எட்டி ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டான்.