உட்கார ஆசைப்பட்ட கண்டக்டர்

சேதுபதிக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இருந்ததில்லை. உட்கார்ந்து வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான்.

மலாக்கா டவுனிலிருந்து புக்கிட் ரம்பாய்க்குப் போகும் பஸ்ஸில் அவன் கண்டக்டர். விடியுமுன் காஜா பெராங்கில் இருந்த வாடகை வீட்டை விட்டுக் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். இடையில் அவன் உட்காருவது கோப்பிக்கடையில் பசியாறும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் பின்வாசல் படிக்குப் பக்கத்தில், கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, நின்றுகொண்டே இருக்கவேண்டும். கண்டக்டருக்கென்று வாசலோரம் ஒரு மடக்குப் பலகை இருந்தது உண்மை. ஆனால் அதில் எப்போதும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோ, கோழிக்கூடையோடு ஒரு சீனக் கிழவியோ உட்கார்ந்திருப்பார்கள். எழுந்திருங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. சொன்னாலும் சீன முதலாளிக்கு, எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுகிறவருக்கு, பிடிக்காது. காசு கொடுத்தவர் நிற்கும்போது சம்பளம் வாங்குகிறவன் உட்காருவதா என்று கேட்கிற தவுக்கே அவர்.

வருடக்கணக்காக நின்றதில் அவனுடைய இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்து, நீல நிறத்தில் சுருண்டு கிடந்தது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும். சப்பாத்தைக் கழற்ற மனைவி சந்திரமதிதான் இழுக்கவேண்டும்.

சுதந்திரம் எந்தத் தேதியில் என்று அறிவிக்கப்போகிறார்கள் என்பதைக் கேட்டு, சுற்றுக் கிராமங்களான கம்பங்களின் ஜனங்களெல்லாம் பண்டார் ஹிலிர் திடலுக்குத் திரண்ட அந்தப் பிப்ரவரி நாளில், பஸ்ஸில் கண்டக்டர் நிற்கவும் இடம் இல்லை. படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டே போனான். அன்று வீட்டுக்கு வந்து குழாயடியில் காலைத் தேய்த்துக் கழுவும்போது புடைத்த நரம்பு பட்டென்று வெடித்தது. வலியே இல்லை. ஆனால் ரத்தம் பீச்சியடித்து எதிர்ச் சுவரில் தெறித்தது. சந்திரமதி அலறிக்கொண்டு ஓடிவந்து, அவனைத் தரையில் படுக்கவைத்து, காலைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றது. இருவரும் அப்படியே வெகுநேரம் குழாயடியில் கிடந்தார்கள். அவளுக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கும் டிரசர் பொன்னுதுரை கட்டைப் பிரித்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பான மனிதர்.

“நிண்டுகொண்டு செய்யிற வேலையோ?”

“ஆமாங்கையா. பஸ் கண்டக்டரு.”

“நிண்டு நிண்டுதான் உமக்கு இந்தக் கோலம். இருந்து செய்யிற வேலையாப் பாரும்.”

சேதுபதி சிரித்துவிட்டான். தன் ஆசையை இன்னொருவர் மருந்துச்சீட்டுபோல் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றுதான் இருந்தது. அதைக் கருணாகரன் பார்த்துக்கொண்டிருந்தார். சேதுபதியைவிடப் பத்து வயது மூத்தவர், கனத்த உடம்பு. காலையில் டிரைவர் இருக்கையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். கோப்பியும் அங்கேயே வரும், சாப்பிட மீ நூடுல்ஸும் அங்கேயே வரும். ஜன்னல் வழியாக நீட்டுவது சேதுபதியின் வேலை. தவுக்கேயும் அதைத்தான் விரும்பினார். டிரைவர் இறங்கினால் நேரம் போகும்.

“ஒங்களுக்கென்னண்ணே, ராஜா மாதிரி உக்காந்திருக்கீங்க,” என்பான் சேதுபதி.

“வந்து உக்காந்து பாருடா. முதுகுல கடப்பாறையை விட்டு நெம்புற மாதிரி இருக்கு. நீயாவது அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குற, மூட்டை ஏத்தக் கூரை மேல ஏறுற.”

“எங்கண்ணே நடக்குறேன், நின்ன எடத்துலயே நிக்கிறேன். மாத்திக்கலாம் வாங்க.”

“நானு கூரையில ஏறுனா பஸ்ஸு உக்காந்துரும்,” என்று கருணாகரன் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குண்டாக இருக்கிற மனிதருக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும்.

ஆனால் நல்ல மனிதர். சேதுபதியின் காலைப் பார்த்த பிறகு, புக்கிட் ரம்பாயில் பஸ் திரும்பும் மண் திடலில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளட்ச் கல்லுபோல இருக்கும். அதை மிதித்துப் பழகவே மாதங்கள் ஆயின. ஒருவழியாக லைசென்ஸ் கிடைத்தது. இனி எந்தப் பஸ்ஸிலாவது ஓர் இருக்கை காலியாக வேண்டும். சேதுபதி காத்திருந்தான்.

காலியானது அவனுடைய பஸ்ஸில்தான்.

சுதந்திர நாளுக்கு, மெர்டேக்காவுக்கு, சில வாரங்கள் இருந்தன. டவுனில் அலங்கார வளைவுகளுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியான நடை, பஸ்ஸில் பாதி ஆட்கள்தான். ரப்பர் தோட்டத்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது வண்டி மெல்ல வேகம் குறைந்து, புல்லில் இறங்கி நின்றது. பிரேக் போட்ட சத்தம்கூட நிதானமாகத்தான் இருந்தது. சேதுபதி முன்னால் போய்ப் பார்த்தான். கருணாகரன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வேர்வையில் நனைந்திருந்தார்.

“சேது, கொஞ்சம் தண்ணி குடு.”

தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டுவதற்குள் அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது.

நான்கு பேர் சேர்ந்துதான் அவரை அந்த இருக்கையிலிருந்து எடுக்க முடிந்தது. பின்னால் நீள இருக்கையில் கிடத்தினார்கள். ஒரு மலாய்க்காரர் அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி விசிறினார். சேதுபதி முன்னால் வந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தான். ஆள் ஏற்றிய பஸ்ஸை அவன் அதற்கு முன் ஓட்டியதில்லை. அந்த இருக்கை இன்னும் சூடாக இருந்தது. தேங்காய்நார் மெத்தை நடுவில் கருணாகரனின் உடம்பளவுக்குக் குழிந்திருந்ததால் அவன் அதற்குள் வழுக்கி விழுந்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனான். அங்கே ஏறிப் பார்த்தவர்கள் அவசரப்படாமல் இறங்கினார்கள்.

அடுத்த வாரமே தவுக்கே அவனை டிரைவராக்கினார். வீட்டில் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. சந்திரமதி மட்டும், “கருணா அண்ணன் ஆசைதான் இது,” என்று ஒரு தரம் சொல்லிவிட்டு விளக்கேற்றினாள். மெர்டேக்கா நாளன்று பஸ்ஸின் முகப்பில் கொடி கட்டி ஓட்டினான். சாயங்காலம் வந்து சப்பாத்தைத் தானே கழற்றினான். கால் வீக்கம் வற்றிவிட்டிருந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். இவ்வளவு நாள் இதைத்தான் கேட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் சில மாதங்கள் அந்தக் குழிந்த மெத்தை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. முதுகுக்குப் பின்னால் சாக்குத் துணியை மடித்து வைத்துக்கொண்டான். ஒரு வருடம் போனபின் சாக்குத் துணி தேவைப்படவில்லை. குழி அவனுக்குச் சரியாகப் பொருந்திவிட்டது.

கோப்பி ஜன்னல் வழியாக வர ஆரம்பித்தது எப்போது என்று அவனுக்கே நினைவில்லை. புதுக் கண்டக்டர் மேகநாதன் கொண்டுவந்து நீட்டுவான். அவனும் காஜா பெராங்தான், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டிகள் குடியிருப்பில் வீடு. நம்மைப்போலத்தான் சாமி கும்பிடுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் அவனுக்கு வராது. சேதுபதியை, அண்ணன் என்பதற்கு, ‘அபாங்’ என்று கூப்பிடுவான். முப்பது வயது இருக்கும். டிரைவர் லைசென்ஸ் வைத்துக்கொண்டு, எங்காவது ஓர் இருக்கை காலியாகாதா என்று அவனும் காத்திருந்தான்.

டுரியான் காலத்தில் ஒருநாள் மேகநாதனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. ஒரு கிழவியின் கூடையைக் கூரையிலிருந்து இறக்கவேண்டும். பழைய பழக்கம்தானே என்று சேதுபதி இறங்கிப் பின்னேணியில் ஏறினான். பாதி ஏணியில் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்தியதுபோல் இருந்தது. ஒரு காலத்தில் தலையில் பலாப்பழத்தோடு ஏறி இறங்கிய ஏணி அது. மெல்ல இறங்கி, ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கிழவி தன் கூடையை மறந்து அவனுக்கு விசிறினாள்.

கருணாகரனின் முகம்தான் கண் முன்னால் நின்றது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். பொன்னுதுரை நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், வயிற்றைத் தட்டினார், என்ன வேலை என்று விசாரித்தார்.

“இருந்து இருந்துதான் உமக்கு இந்தக் கோலம். பழைய கண்டக்டர் உடம்பு எங்கே போச்சு?”

“ஐயா, நீங்கதானே உக்காந்து வேலை பாக்கச் சொன்னீங்க!”

“இருந்து செய்யிற வேலை எண்டுதான் சொன்னனான். விடியத் தொடக்கம் பின்னேரம் மட்டும் எழும்பாமல் இரும் எண்டு சொன்னனோ?”

“அப்பவும் நிக்காதன்னீங்க, இப்ப உக்காராதங்கிறீங்க. படுத்துக்கிட்டா ஐயா பஸ் ஓட்டுறது?”

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பொன்னுதுரை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாறி மாறிச் செய்தால் நல்லது. அது உம்முடைய முதலாளியின்ர கையில இருக்கு. என்ர கையில மருந்துதான் இருக்கு,” என்றார். அவரும் களைத்துப்போயிருந்தார்.

இதை மேகநாதனிடம் சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை. “துக்கார் லா, அபாங்,” என்றான். மாற்றிக்கொள்ளலாம், இவ்வளவுதானே. அன்று புக்கிட் ரம்பாயிலிருந்து திரும்பும்போது மேகநாதன் ஓட்டினான், சேதுபதி டிக்கெட் கிழித்தான். அப்புறம் அதுவே வழக்கமானது. போகும்போது ஒருவன், வரும்போது ஒருவன். உட்கார்ந்தே இறுகிப்போயிருந்த சேதுபதியின் முதுகு கொஞ்சம் இளகியது. ராத்திரி புரண்டு படுக்க முடிந்தது. மேகநாதனும் கால் வலி குறைந்ததாகச் சொன்னான்.

சில மாதங்கள்தான் அது ஓடியது. டிக்கெட் சோதிக்கும் சோலையப்பன் ஒருநாள் நடுவழியில் ஏறினார். நெற்றியில் பட்டை, கையில் குடை. வாசலில் டிக்கெட் பையோடு நின்ற சேதுபதியையும் முன்னால் ஸ்டீரிங் பிடித்திருந்த மேகநாதனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னப்பா இது, ஆளு மாறியிருக்கு?”

“ஒடம்புக்கு முடியலைண்ணே. டிரசரு சொன்னாரு.”

“டிரசரா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாரு? எனக்கென்ன, நான் பார்த்ததைச் சொல்லித்தான் ஆகணும்.”

தவுக்கே திட்டவில்லை. அவர் பேசியது நியாயமாகவே இருந்தது, அதுதான் சேதுபதியைச் சோர்வடைய வைத்தது. நாளைக்கு வண்டி எங்காவது மோதினால் யார் ஓட்டினது என்று போலீஸ் கேட்கும், நான் எந்தப் பெயரைச் சொல்வது? டிரைவர் என்றால் டிரைவர், கண்டக்டர் என்றால் கண்டக்டர். இரண்டில் ஒன்றைச் சொல், நாளைக்கு வா, என்றார் மலாயில்.

சாயங்காலம் சந்திரமதி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் குழாயடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

“மறுபடியும் கண்டக்டராவே போயிரலாம்னு பாக்குறேன்.”

“போயி? நரம்பு வெடிச்சா திரும்ப நான் காலைத் தூக்கித் தோளுல போட்டுக்கணுமா?”

“டிரைவரு சீட்டுலயே இருந்தா நெஞ்சு வெடிக்கும்டி.”

அவள் துணியைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “நின்னா காலு, உக்காந்தா நெஞ்சு. நானு காலையிலருந்து குந்துறேன், எந்திரிக்கிறேன், குனியிறேன், நிமிர்றேன். டிரசரு சொன்ன மாதிரி மாறி மாறித்தான் செய்யிறேன். எனக்கு மட்டும் வலிக்கலையாங்க?”

அவள் இடுப்பில் கை வைத்து நின்ற விதத்தை இத்தனை வருடத்தில் அன்றுதான் பார்த்தான். வாளியில் மீதி இருந்த துணிகளை எடுத்து அவனே பிழிந்தான். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவன் பிழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு பொட்டைப் புள்ளைங்க இருக்கு,” என்றாள் கடைசியில். “டிரைவரு சம்பளத்தை விட்றாதீங்க. ஆனா கருணா அண்ணன் மாதிரி அதுலயே கெடக்காதீங்க. எறங்கி ஏறுங்க. கோப்பி குடிக்க எறங்கக் கூடாதுன்னு எந்தத் தவுக்கே சொல்றான்னு பாக்கலாம்.”

மறுநாள் சேதுபதி டிரைவர் என்றே சொன்னான். அன்றிலிருந்து கூரையில் மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் தன் வேலை என்று எடுத்துக்கொண்டான். தவுக்கேக்கு அதில் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை, வண்டி நேரத்துக்குத்தான் போனது. மற்ற டிரைவர்கள்தான் கேலி செய்தார்கள். “சேது கூலிக்காரனாயிட்டான்டோய்,” என்று பஸ் ஸ்டேஷனில் கத்துவார்கள். அவன் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளமாட்டான். ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதற்கே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது.

ஒரு வருடம் கழித்தும் அவன் பாதியில் நின்றுதான் ஏறினான். ஆனால் நெஞ்சில் அந்த அழுத்தம் வரவில்லை. வயிறு குறையவில்லை. முதுகு வலி சில நாள் விட்டது, சில நாள் விடவில்லை.

புக்கிட் ரம்பாயில் வண்டி திரும்புவதற்குமுன் கொஞ்ச நேரம் கிடைக்கும். சேதுபதி இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக்கொள்வான். மேகநாதன் டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு, டிரைவர் இருக்கையில் ஏறி, சப்பாத்தைக் கழற்றி, வீங்கிய கால்களை முன் கண்ணாடிக்குக் கீழே தூக்கி நீட்டுவான். ஓடாத வண்டியில் யார் எங்கே உட்கார்ந்தால் என்ன, அதற்குச் சோலையப்பனிடமும் சட்டம் இல்லை. மேகநாதன் கண்ணயர்ந்ததும் சேதுபதி மண் திடலைச் சுற்றி நடப்பான். வேகமாக நடக்கமாட்டான். முதுகில் கையை வைத்துக்கொண்டு, ரப்பர் மரத்து நிழல் எங்கே விழுகிறதோ அந்த வழியாகவே நடப்பான். பயணிகள் ஒவ்வொருவராக வந்து ஏறுவார்கள். எல்லோரும் ஏறிய பிறகு ஜன்னலைத் தட்டி, “எந்திரி மேகா, நேரமாச்சு,” என்பான். அவனுக்கும் எழுந்திருக்க மனசிருக்காது, இவனுக்கும் ஏற மனசிருக்காது.