பத்து பத்தாக முப்பது

நேற்று எங்கள் செம்பூர் அடுக்குமாடி சொசைட்டி ஹாலில் முதலுதவி வகுப்பு. வகுப்பெடுக்க வந்த பெண் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, தரையில் கிடந்த ரப்பர் பொம்மையின் உதட்டைத் துடைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இருபத்தோரு வயதாகிவிட்டது. முழங்கால் மட்டும் கூட வராமல் ஐம்பதிலேயே நின்றுகொண்டது.

ஸ்பிரிட், ரப்பர், நனைந்த குடை. மூன்றும் சேர்ந்தால் எனக்கு மாட்டுங்காதான். அங்கே ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் ஆம்புலன்ஸ் வேலைக்குப் பயிற்சி நடந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை, உள்ளே வரிசையாக ஆறு பொம்மைகள், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், எதையும் மறுக்காத முகங்களோடு. பொம்மைக்கு இரண்டு பேர். ஒருவர் நெஞ்சை முப்பது முறை அழுத்தவேண்டும், உடனே மற்றவர் இரண்டு மூச்சு ஊதவேண்டும்.

என் ஜோடி செல்வி. தாராவிக்காரி. அவள் அம்மா பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். செல்வியும் பாதி நாள் அங்கே உட்கார்ந்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவாள். எங்கள் பொம்மைக்கு அவள் வைத்த பெயர் மாமா. "மாமா இன்னைக்கும் குளிக்கல பாத்தியா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே அவர் வாயைத் துடைப்பாள்.

பயிற்சி தந்தவர் மாத்ரே சார். கையில் ஸ்டாப்வாட்ச், காலில் மழைச்செருப்பு. அவருக்கு ஒரே மந்திரம்: "மன் மே நஹி, முஹ் சே கினோ." மனதுக்குள் எண்ணாதே, வாய்விட்டு எண்ணு. பயம் வந்தால் கை தானாக நின்றுவிடும், வாய் ஓடினால் கையும் கூட ஓடும் என்பார். எந்த மொழியில் எண்ணினாலும் அவருக்குச் சம்மதம். அதனால் அந்த மாடியில் ஒரே நேரத்தில் மராத்தி ஏக், தோன், தீன் என்று போகும். குஜராத்தி ஏக், பே, த்ரண் என்று வரும். மூலையிலிருந்து கன்னடம் ஒந்து, எரடு என்று கிளம்பும். நடுவில் நானும் செல்வியும் ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆறு நெஞ்சுகள் டக் டக்கென்று அமுங்க, மழை தன் பங்குக்கு ஐந்தாவது மொழியில் எண்ணிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு இனிமையாகச் சொல்லிக்கொண்டு போகிறேனே, செய்முறைத் தேர்வில் நான் தோற்றதைச் சொல்லவேண்டாமா? நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல் அழுத்தவேண்டும். நான் அந்த வேகத்தில்தான் தொடங்குவேன். இருபதைத் தாண்டியதும் கை தளர்ந்துவிடும். சார் வாட்ச்சைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, 'பயம்' என்று எழுதிவிட்டார். இன்னும் ஒரு முறை செய்து காட்டலாம், அவ்வளவுதான்.

ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு அது நல்ல செய்தி. "சைரன் அடிச்சுண்டு ஊர் சுத்தறது ஒரு உத்யோகமா? இந்த ஒரு தடவை பாரு. இல்லேன்னா டைப்பிங் கிளாஸ்ல சேர்த்துடுவேன்." எனக்கோ நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கால் எரியும். ஓடுகிற வேலை ஒன்று வேண்டும், அந்த வெள்ளை வண்டி வேண்டும். வேறெதுவும் தோன்றவில்லை.

செல்வி முதல் தடவையிலேயே தேறியிருந்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னை மாமாவின் முன்னால் உட்காரவைத்தாள்.

"எண்ணு, பாப்போம்."

எண்ணினேன். பாதியில் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, ஒனக்குப் பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சுன்னு நீட்டி முழக்குத. வாய் சொல்லி முடிக்கட்டும்னு கை காத்துக் கெடக்கு. அதுக்குள்ள மாமா போய்ச் சேந்துருவாரு."

எனக்கு உறைத்தது. பத்துவரை துள்ளிக்கொண்டு வருகிற எண்கள் அதற்கப்புறம் பெட்டி பெட்டியாகக் கோர்த்துக்கொண்டு நகர்கின்றன. ஆங்கிலத்திலும் அதே ரயில்தான். இந்தியில் இருபதுக்கு மேல் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

"அப்போ நீ எப்படி எண்ணறே?"

"பட்டறையில பைக்குத் தைக்குத கைப்பிடிக் காது எண்ணுத மாதிரிதான். பத்து பத்தாக் கட்டுவோம்லா? ஒம்போது, பத்து. மறுபடி ஒண்ணுலருந்து ஒம்போது, இருபது. மறுபடி ஒம்போது, முப்பது. முடிஞ்சு. நான் ஊதணும்."

ஒரு வாரம் மாமாவின் நெஞ்சில் பத்து பத்தாகக் கட்டினேன். இரண்டாம் தேர்வில் சார் வாட்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். "அப் டர் நஹி லக்தா?" பயம் போய்விட்டதா என்றார். "போயாச்சு சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அன்று வீட்டில் என் வெள்ளைச் சட்டைக்கு அப்பாவே இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், காட்கோபரில் ஒரு வாழைக்காய் வறுவல் கடை. பட்டப்பகல். கடைக்காரர் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்துகிடந்தார், மூச்சில்லை. நம்மூர்க்காரர். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு முழங்காலிட்டேன். எதிரே, மூச்சுப் பையோடு செல்வி. நான் மூன்றாவது முறையாக ஒண்ணு என்று தொடங்கியபோது அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "ஏம்மா, ஒனக்குப் பத்துக்கு மேல எண்ணத் தெரியாதா? தெரிஞ்சவங்க யாரையாவது கூப்புடுங்க!"

செல்வியின் தோள் சிரிப்பில் குலுங்கியது. நான் நிறுத்தவில்லை. எத்தனை பத்துகள் கட்டினேனோ, அவர் ஒரு முறை இருமினார். சில வாரங்கள் கழித்து அந்த அம்மா வறுவல் பொட்டலத்தோடு வந்து, "பத்துக்கு மேல தெரியாட்டியும் பரவால்ல தாயி" என்றார்.

நேற்று ஹாலில் நானும் பொம்மைமுன் மண்டியிட்டேன். பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று பீப், பீப் என்றது. என் உதடு தானாக அசைவதைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள். "எண்ண வேண்டாம் ஆன்ட்டி. மெஷின் சொல்லும், நீங்க அழுத்தினாப் போதும்." நல்ல பெட்டி. அது இருபதுக்கு மேல் தளர்வதில்லை. அன்று அது இருந்திருந்தால் நான் தோற்றிருக்கவே மாட்டேன். இப்போது மான்குர்த்தில் பேரனோடு இருக்கும் செல்விக்கு போனில் சொன்னேன். "நல்லதுதான். ஆனா எவளாவது வந்து எண்ணத் தெரியாதான்னு கேக்க முடியாதுல்லா?" என்றாள்.

ஹாலில் இருபது பேர் வாயை மூடிக்கொண்டு அழுத்தினோம். மராத்தி இல்லை, குஜராத்தி இல்லை, மூலையில் கன்னடமும் இல்லை. வெளியே மழை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது, வாய்விட்டு.