துண்டுக்கு அடியில் ஒரு கருணை

அன்றைக்கு மாட்டுச் சந்தையில், புளியமரத்தடியில் நின்றவர்கள்: நான், என் மனைவியின் தம்பி, மாடு வாங்க வந்த கடுக்கன்காரர், காலில் புண் வந்து நொண்டிய எங்கள் செவலைக் காளை. வேறு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லியனூரில் நடந்த பௌத்தக் கூட்டத்துக்கு என்னை இழுத்துப் போனவன் இந்தத் தம்பிதான். உயிரைக் கொல்ல மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன் என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சொன்னோம். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கே பேசியதில் பாதி புரியாது. ஒன்று புரிந்தது. சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், கேட்பவருக்கு நன்மையாக இருக்க வேண்டும், நேரமறிந்து சொல்ல வேண்டும்.

சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். எனக்குக் கை நடுங்கும். அதனால் தம்பி கையை நீட்டினான். பேரம் முடிந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்:

“எருவுக்குக் கட்டி வச்சிக்கப் போறாரு மாமா. நெட்டப்பாக்கம். கால் நொண்டினா இன்னா, நின்னு சாணி போட்டா போதுமாம். மிச்சப் பணம் அப்புறம் தராரு.”

தண்ணீர் காட்டுகிறார்களா, புண்ணில் ஈ மொய்க்கிறதா என்று எனக்குத் தூக்கமில்லை. ஒருநாள் பிண்ணாக்கு வாங்கிக்கொண்டு நெட்டப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். டீக்கடையில் விசாரித்தேன்.

“கடுக்கன் போட்ட ஆளா? அவருக்கு ஏதுங்க மாட்டுக் கொட்டாய்? அடிமாடு லாரி ஏத்துறவராச்சே!”

பிண்ணாக்கோடு திரும்பி வந்த என்னைப் பார்த்ததும் என் மனைவி தலை குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நெஜத்த சொல்லியிருந்தா நீ சோறு திங்காம கெடப்ப மாமா. ஒம்மேல கருணைதான்.”

“மாட்டுமேல?”

“நேரம் பாத்து சொல்லலாம்னு இருந்தேன்.”

“எந்த நேரம்டா? அது செத்தப்புறமா?”

மனைவிதான் குறுக்கே வந்தாள். “கொசு கடிச்சாகூட தெருவையே எழுப்புற ஆளு நீ. ஒங்கிட்ட இன்னான்னுய்யா சொல்றது?”

என் பயத்தைச் சாக்காக வைத்தே என் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். அதுதான் என்னை அறுத்தது.

அடுத்த ஞாயிறு வாசலில் தம்பியின் சைக்கிள் மணி அடித்தது. நான் கூட்டத்துக்குக் கிளம்பவில்லை. கடுக்கன்காரர் மிச்சம் நாற்பது ரூபாயைக் கொடுத்துவிட்டார் என்று நோட்டுகளை நீட்டினான். வாங்கினால் தெரிந்தே விற்றவனாகிவிடுவேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவனிடமிருந்து எனக்கு வரவேண்டியது, இன்றைக்கும், அந்த நாற்பது ரூபாய்.