எதிரில் வந்த வேன்

சிங்கப்பூரின் துவாஸ் கிடங்கில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் வேன் ஓட்டுநர் ஜைலானியைப் பார்த்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். தேர்வுக்குப் படிக்கிறவர்களைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். அவர் சரக்கு ஏற்றுமிடத்தில் உட்கார்ந்து, சிங்கப்பூர் ஓட்டுநர் தேர்வுக்கான கையேட்டை வைத்து ஹைக்கல் என்ற இளைஞனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் விளக்கு வந்தா என்ன செய்வே?"

"மிதிப்பேன், பாங்."

"எதை?"

"ஆக்சிலரேட்டரை."

"உருப்பட்டாப்லதான்! நீ ஜொகூர்லயே ஓட்டிக்கிட்டு இரு."

இருவரும் மலேசியாவில், ஜொகூரின் கூலாயில் ஒரே தெரு; அண்ணன் என்ற பொருளில்தான் மலாயில் அவரை 'பாங்' என்பான். ஹைக்கலுக்கு இந்தக் கிடங்கில் ஓட்டுநர் வேலையை வாங்கிக் கொடுத்ததே ஜைலானிதான். ஜொகூரில் வண்டியை மேடேற்றிக் காட்டி, பக்கவாட்டில் நிறுத்திக் காட்டி ஒரே தடவையில் தேறியவர், இங்கே கேள்வித்தாளிடம் பலமுறை தோற்று எழுந்தவர். அந்தப் பாடு தம்பிக்கு வேண்டாம் என்று நினைத்தார். ஹைக்கல் முதல் தடவையிலேயே தேறினான். ஜைலானி கிடங்கு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார்.

ஊரில் அபராதம் வந்தால் அரசு தள்ளுபடி அறிவிக்கும்வரை காத்திருக்கலாம். இங்கே அபராதத்தோடு குற்றப் புள்ளியும் ஏறும். புள்ளி நிறைந்தால் உரிமம் முடக்கம். ஆனால் ஊர்ப்பழக்கம் ஒன்றை இருவரும் எல்லைப் பாலம் தாண்டிக் கொண்டுவந்திருந்தார்கள். வழியில் போலீஸ் நின்றால், எதிரே வருகிறவனுக்கு முன்விளக்கை இரண்டு முறை அடித்துக் காட்டுவது. காலையில் இருவர் வேனும் தொழிற்சாலைச் சாலையில் எதிரெதிரே கடக்கும். விளக்கு அடித்தால் ஜைலானி வேகத்தைக் குறைப்பார். அடிக்காவிட்டால் சாலை அவருடையது.

அப்போதுதான் ஓட்டுநர்களில் ஒருவரை மேற்பார்வையாளராக்கப் போவதாக முதலாளி சொன்னார். போட்டி இவர்கள் இருவருக்குள்தான். ஜைலானிக்கு ஏற்கெனவே புள்ளிகள் ஏறியிருந்தன; இன்னொரு முறை மாட்டினால் உரிமம் போய்விடும். இதை அவர் வாய்விட்டுச் சொன்னது ஹைக்கலிடம் மட்டும்.

அந்த வாரமே ஒரு காலை ஹைக்கலின் வேன் எதிரே வந்தது. விளக்கு எரியவில்லை. ஜைலானி கையைத் தூக்கினார். ஹைக்கல் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி கடந்துபோனான். சாலை காலிதான் என்று ஜைலானி மிதித்தார். வளைவைத் தாண்டியதும், வேகம் அளக்கும் கருவியைப் பிடித்தபடி போலீஸ்காரர் நின்றிருந்தார்.

உரிமம் முடங்கியது; வேலையும் போயிற்று. கூலாய் டீக்கடையில் ஜைலானி ஹைக்கலைப் பிடித்தார்.

"போலீஸத் தாண்டித்தானேடா வந்தே?"

"ஆமா, பாங்."

"அப்புறம் ஏன் அடிக்கல? கை முறிஞ்சா போச்சு?"

"சும்மா லைட் அடிக்கக் கூடாதுன்னு கையேட்டுலயே இருக்கே. நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க?"

"அதுக்கு முன்னாடி அடிச்சப்பல்லாம் கையேடு எங்கடா போச்சு?"

ஹைக்கல் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு, பாங். அந்த வேலை எனக்கும் வேணும்ல."

"வேகமாப் போனது நான். அந்தத் தண்டனை எனக்குச் சரி. ஆனா உன்ன நம்பித்தானேடா மிதிச்சேன்?"

ஜைலானி தன் டீயைக் குடிக்காமலே எழுந்தார்.

ஹைக்கல் இன்று எங்கள் மேற்பார்வையாளர். ஜைலானி கூலாயில் மனைவியின் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுக் கடைக்குச் சாமான் ஏற்றி வருகிறார். தெரு ஒன்றுதான், பேச்சு இல்லை.